முள்முடிப் படமும் 2013-ஆம் ஆண்டுப் பாடலும்

ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2013-இல் வெளியிட்ட ‘யீசஸ்’ இசைத்தொகுப்பில் கிறிஸ்துவை மறுத்துத் தம்மையே முழுமுதற் கடவுளாக அறிவித்தார் என்றும், முள்முடி சூடிய அவரது படம் அதற்கென எடுக்கப்பட்டது என்றும் பரவிவரும் செய்தி தவறானது. அந்தப் படம் ஏழாண்டுகளுக்கு முன்பே, 2006 பிப்ரவரியில், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் அட்டையில் வந்துவிட்டது; முகத்தில் வழியும் குருதி வெறும் ஒப்பனை. அத்தொகுப்பிலுள்ள ‘ஐ ஆம் எ காட்’ (நான் ஒரு கடவுள்) என்ற பாடலின் தலைப்பில் ஆணவம் தொனிப்பது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பாடலில், உன்னதமானவர் இயேசுவே என ஒப்புக்கொண்டு, தம்மை அவருக்கு அடுத்த நிலையில்தான் அவர் வைக்கிறார். அத்தொகுப்பையொட்டிய இசைப்பயணத்தில் இயேசு வேடமிட்ட நடிகர் மேடையேறியதும், அதுவரை அணிந்திருந்த முகமூடியைக் கழற்றிவிட்டு, 2004-இல் வெளிவந்த தமது ‘ஜீசஸ் வாக்ஸ்’ (இயேசு நடக்கிறார்) பாடலையே அவர் பாடினார்.