பெயிண்ட் ஊற்ற வேண்டிய சுவர் அது இல்லை

லிவர்பூல் கிளப்பின் வலது பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்த ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் 2025-ல் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கோபத்தில் அவர் சுவரோவியத்தில் பெயிண்டை ஊற்றி "எலி" (துரோகி என்று அர்த்தம்) என்று எழுதியதற்குக் கைதட்டும் சக லிவர்பூல் ரசிகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கணும். அவர் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடியும் என்பது எப்போது தெரியும்? 2021 ஜூலையில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெரியும். நாலு வருஷமாகக் கிளப் ஆபீசில் காலண்டர் மாட்டவில்லையா?

ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே கிளப் முடிவெடுக்கணும். சம்மதித்தால் நீட்டிப்பு, இழுத்தடித்தால் அந்தக் கோடையிலேயே விற்பனை. ஒரு வருஷம்தான் பாக்கி என்றால் வாங்க வருகிறவன் அடிமாட்டு விலை கேட்பான், இல்லாவிட்டால் காத்திருந்து சும்மா வாங்கிக்கொள்வான். கடைசி ஆறு மாசத்தில் வெளிநாட்டுக் கிளப் நேரடியாகப் பேசி முன்ஒப்பந்தமே போடலாம், ஃபிஃபா விதியில் இடம் இருக்கிறது. 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்குப் பழைய கிளப் விலை கேட்க முடியாது.

ட்ரென்டுக்கு அந்தக் கட்டம் 2023 கோடை. அப்போது ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் போடுவதைப் பார்க்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டர் நாற்காலி மியூசிக்கல் சேர் ஆடிக்கொண்டிருந்தது. 2022-ல் எட்வர்ட்ஸ் போனார், 2023-ல் வார்ட் போனார், தற்காலிகமாக வந்த ஷ்மட்கே 2024 ஜனவரியில் போனார். 2024 கோடையில் ஹியூஸ் வந்து உட்கார்ந்தபோது ட்ரென்ட், சலா, வான் டைக் மூவருக்கும் பாக்கி ஒரே வருஷம். மூன்று தூண்களின் ஒப்பந்தமும் ஒரே ஜூனில் முடிகிற மாதிரி எந்த அணியாவது வைத்துக்கொள்ளுமா? ஒருத்தர் சம்பளத்தை ஏற்றினால் மறுநாள் மற்ற இருவரின் ஏஜென்ட் கூப்பிடுவார். அதனால்தான் முடியும் தேதிகளை வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பது.

"போக முடிவு பண்ணினவனை என்ன செய்ய முடியும்?" விற்றிருக்க முடியும் சார். வெளியிலிருந்து 6 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டவர் கணக்குப் புத்தகத்தில் வருஷம் 1.2 கோடி செலவு. மூன்று வருஷம் கழித்து விற்றால் மிச்சம் 2.4 கோடியைக் கழித்த பிறகுதான் லாபம். ட்ரென்ட் மாதிரி கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலையே இல்லை, அதனால் புத்தக மதிப்பு பூஜ்யம், வருவது முழுக்க லாபம். அப்படிப்பட்டவரை விட்டதில் கிளப்புக்குக் கிடைத்தது சுமார் 84 லட்சம் பவுண்டு. அதுவும் கிளப் உலகக் கோப்பையில் ரியல் மாட்ரிட்டுக்கு ஆட, ஒப்பந்தம் முடியும் முன்பே விடுவித்ததற்கு. அந்த இடத்துக்கு வந்த ஃப்ரிம்பாங்குக்குக் கொடுத்தது ஏறக்குறைய 3 கோடி.

"செல்சி கிளப் மாதிரி எட்டு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கலாமே" என்று ஒருத்தர். போடலாம். ஃபார்ம் போனால் அந்தச் சம்பளத்தை ஏற்க வேறு கிளப் வராது, அவரும் இறங்கிப் போக மாட்டார். வாங்கிய விலையை நீளமாகப் பரப்பி எழுதுகிற வசதிக்கும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ 2023-லேயே ஐந்து வருஷ உச்சவரம்பு வைத்துவிட்டது.

ட்ரென்ட் மேல் தப்பே இல்லையா என்பீர்கள். கொஞ்சம் இருக்கலாம். முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சரி, சொல்லவில்லை. அதற்காக? எம்ரே ஜான் 2018-ல் நம்மிடமிருந்து சும்மாதான் போனார். வைனால்டம் 2021-ல். 2023-ல் ஃபிர்மினோ, கெய்ட்டா, மில்னர், சேம்பர்லேன் என்று நாலு பேர் ஒரே கோடையில், பைசா வரவில்லை. அப்போதெல்லாம் பெயிண்ட் டப்பா எங்கே இருந்தது? ஃபிர்மினோவுக்குக் கண்ணீரோடு பாட்டுப் பாடி அனுப்பினோம். ஆறு வயசில் உள்ளே வந்து, இருபது வருஷம் அதே சிவப்புச் சட்டையில் ஓடின உள்ளூர்ப் பையன் மட்டும் எலி.

இதைச் சொன்னால் நான் கணக்குப்பிள்ளை, உணர்ச்சி இல்லாதவன். அவர் போனதில் எனக்கு வலிக்கவில்லை என்று யார் சொன்னது? பெயிண்ட் ஊற்றினால் அந்த வலது பக்கத்துக் கிராஸ் திரும்பி வரும் என்றால் டப்பா நானே வாங்கித் தருகிறேன்.

2025 ஏப்ரலில் சலாவும் வான் டைக்கும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது எல்லாரும் ஹார்ட் விட்டீர்களே, தேதியைப் பார்த்தீர்களா? இரண்டு பேருக்கும் இரண்டு வருஷம். மறுபடியும் ஒரே ஜூன், 2027.