காலனியை எடுத்துவிட்டு என்ன எழுதப் போகிறோம்?

கிராமங்களில் தலித் மக்கள் குடியிருப்பைக் குறிக்கிற 'காலனி' என்ற சொல்லை அரசுத் தாள்களிலிருந்து எடுப்பதாக அறிவித்தாயிற்று. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பேசுவதற்கு முன், எங்கள் பக்கத்துப் பெயர்களின் கதையைக் கேளுங்கள். வேலூர்ப் பக்கம் பொன்னையாற்றங்கரையில் இருக்கிற மேல்பாடிக்கு ஒரு காலத்தில் வீரநாராயணபுரம் என்று பெயர். பராந்தக சோழனின் பட்டப்பெயர் அது. பிறகு ராஜராஜன் வந்து தன் பட்டப்பெயரால் ராஜாஸ்ரயபுரம் ஆக்கினான். தாத்தா அரிஞ்சயனுக்கு அங்கேயே ஒரு கோயிலும் எடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் வைத்த பெயர், கல்லிலும் வெட்டியாயிற்று. இன்றைக்குப் பஸ் ஏறி "ராஜாஸ்ரயபுரம் ஒண்ணு" என்று கேட்டுப் பாருங்கள், கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார். பக்கத்துத் திருவலமும் அப்படித்தான். வாண அரசர்கள் காலத்தில் அதற்கு இருந்த வாணபுரம் என்ற பெயர் இப்போது கல்வெட்டு படிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மேலே இருப்பவர்கள் வைக்கும் பெயருக்கு எங்கள் பக்கத்தில் ஆயுசு கம்மி. 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்கள் மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை நீக்கியபோது வேலூர். 2020-ல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருத்துகிறேன் என்று வேலூரை 'வீலூர்' என்று படிக்கிற மாதிரி எழுதி வைத்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஆனால் அரசாங்கத் தாளிலிருந்து இறங்கி, போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்ட பெயர் ஒன்று உண்டு: காலனி. அது மட்டும் ஏன் நிலைத்தது? ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். சேரி என்று சொல்லக் கூசியவர்கள் காலனி என்றார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வே காலனி என்றால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. கிராமத்தில் "நீ ஊரா, காலனியா?" என்று கேட்டால் அது முகவரி கேட்பது அல்ல. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, தாமதமாகவாவது வந்ததே. சரி, அந்த இடத்தில் என்ன எழுதுவது? பூப்பெயர் வைக்கலாம், தலைவர் பெயர் வைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ரோஜா நகர் என்று வைத்தால், ஆறே மாதத்தில் "ரோஜா நகரா?" என்று அதே குரலில் இழுப்பார்கள்.

எதற்குத் தனிப்பெயர்? ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே! ராஜராஜனாலேயே மாற்ற முடியாத பெயர்களை வைத்திருக்கிறோம், அதில் பாதிப் பேருக்குப் பங்கு இல்லை என்றால் என்ன நியாயம்? இன்ன தெரு, இன்ன ஊர், முடிந்தது. ஊர்த் தெருவுக்கு எப்படியோ இவர்கள் தெருவுக்கும் அப்படியே.

இல்லை, எங்களுக்குத் தனிப்பெயர்தான் வேண்டும் என்று அங்கே குடியிருப்பவர்கள் சொன்னால் அதையே வையுங்கள். அதை அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். கிராம சபையில் ஊர்ப்பக்கத்துக் கைகளை எண்ணி முடிவு செய்கிற வேலை வேண்டாம். அப்புறம் ரேஷன் கார்டு, பட்டா, ஆதார் எல்லாவற்றிலும் முகவரி மாற்ற அந்த ஜனங்களைத் தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைய விடக்கூடாது. எழுதியவர்களே மாற்றிக் கொண்டுவந்து கொடுக்கட்டும்.