எந்த டாக்டரிடம் போவது என்பதையும் நோயாளியே கண்டுபிடிக்க வேண்டுமா?

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரவேற்பு மேசையில் கேட்கிற முதல் கேள்வியே "எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்பதுதான். இதயமா, நரம்பா, எலும்பா, காதா என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே வந்து நிற்கிறேன்? என்ன நோய் என்று தெரிந்துகொள்ள டாக்டரிடம் போக வேண்டும். எந்த டாக்டர் என்று தெரிய, என்ன நோய் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கிற வேலையை வலியோடும் பயத்தோடும் வந்து நிற்கிற ஆளின் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். மூன்று மாதம் என் அம்மாவை அழைத்துக்கொண்டு அலைந்தவன் நான். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வந்தது தலைசுற்றல். ஒருநாள் விடியற்காலையில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அறையே சுழல்கிறதாம். வாந்தி வேறு. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. திரும்பிப் படுத்தால் மறுபடியும் அதேதான்.

முதலில் ஒரு பொது டாக்டர். பிரஷர் பார்த்தார், தலைசுற்றல் மாத்திரை எழுதினார். பத்து நாளாகியும் சரியாகவில்லை. "எதுக்கும் இதயத்தைப் பார்த்துடுங்க" என்றார். இதய டாக்டர் இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு "என் பக்கம் ஒண்ணுமில்ல" என்றார். யாரோ கழுத்தாக இருக்கும் என்றதால் எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்து எக்ஸ்ரேயில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். ஆனாலும் அதுதான் காரணம் என்று சொல்லி ஒரு கழுத்துப்பட்டையை மாட்டிவிட்டார்கள். அம்மா அதை இரவிலும் கழற்றாமல் தூங்கினார். நான்காவதாக நரம்பு டாக்டர். எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை. இன்னும் பலமான ஒரு மாத்திரை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அம்மா பகலெல்லாம் மயக்கத்திலேயே கிடந்தார்.

"என் பக்கம் ஒண்ணுமில்ல." இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் பக்கம் இல்லையென்றால் எந்தப் பக்கம், ஐயா? அதைச் சொல்லத்தான் ஆளில்லை. நான்கு பேரும் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் தன் உறுப்பைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த கதவு எது என்று தேடுகிற வேலை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்கிற எனக்கு.

கடைசியில் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கழுத்துப் பயிற்சிக்காக நாங்கள் போன பிசியோதெரபிஸ்ட். அவர் கழுத்தைத் தொடவே இல்லை. "எப்பம்மா சுத்துது? நடக்கும்போதா, படுத்துப் புரளும்போதா?" என்று கேட்டார். "வலது பக்கம் புரண்டா சுத்துது" என்றார் அம்மா. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, தலை கட்டில் விளிம்புக்குச் சற்று வெளியே தொங்கும்படி சட்டென்று படுக்கவைத்தார். "கண்ணை மூடாதீங்கம்மா, என்னையே பாருங்க." சில விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் அம்மாவின் கருவிழிகள் வெட்டிவெட்டித் துள்ள ஆரம்பித்தன. பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். மூன்று மாதமாக நாங்கள் தேடிய நோய் அந்தக் கண்ணில் தெரிந்தது.

உள்காதில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய துகள்கள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்தை விட்டு, உடம்பின் சமநிலையை உணர்த்துகிற அரைவட்டக் குழாய்க்குள் நழுவிவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உலகம் சுழலும். அந்த நோயின் பெயரைச் சுருக்கமாக பிபிபிவி என்கிறார்கள். தலைசுற்றலுக்கு மிகப் பரவலான காரணங்களில் இதுவும் ஒன்று. அவர் செய்த சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952லேயே விவரித்துவிட்டார்கள். அதற்கு ஒரு கட்டில் போதும். ஸ்கேன் வேண்டாம். அடுத்து அவர் தலையை இடப்பக்கம் திருப்பி, அப்படியே அம்மாவை முகம் தரையைப் பார்க்க இடப்புறமாக உருட்டி, ஒவ்வொரு நிலையிலும் சற்று நேரம் நிறுத்தி, மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். துகள்களைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிற இந்த முறையை ஜான் எப்லி என்ற காது டாக்டர் 1992ல் விரிவாக எழுதி வெளியிட்டார். எல்லாம் சில நிமிட வேலை. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை செய்தார். சுற்றல் நின்றது. "காது டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொல்லி, எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். மூன்று மாதத்தில் எங்களுக்குச் சரியான வழி சொல்லி அனுப்பிய ஒரே ஆள் அவர்தான்.

தலைசுற்றல் என்றால் காதைப் பார்க்க வேண்டும் என்று சாதாரண ஆளுக்கு எப்படித் தோன்றும்? வலிக்கிற இடத்தை வைத்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் உடம்பு அப்படிப் படைக்கப்படவே இல்லை. பித்தப்பையில் கல் இருந்தால் வலது தோள்பட்டை வலிக்கலாம். குழந்தை முழங்கால் வலி என்று நொண்டும், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும். மாரடைப்பு வந்தவருக்குத் தாடையிலோ மேல்வயிற்றிலோ மட்டும் வலி இருக்கலாம். வலிக்கிற இடத்துக்கான டாக்டரைத் தேடிப் போனால் தப்பான வாசலில் நிற்போம்.

அப்புறம் பெயர்கள். கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர் ஒருவர், கண்ணில் அறுவை செய்பவர் இன்னொருவர். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார், உளவியலாளர் பேசிப்பேசிச் சிகிச்சை தருவார். இரண்டு பலகையும் ஒரே மாதிரிதான் இருக்கும். உணவு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிறவர் முறையாகப் படித்துப் பயிற்சி எடுத்தவரா, ஆறு வாரப் படிப்பு முடித்தவரா? பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. "டாக்டர்" என்று பெயருக்கு முன்னால் போட்டவரெல்லாம் எந்தப் படிப்பு, எந்தப் பதிவு என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். என் அம்மாவின் உடம்பைக் கொடுக்கிறேன், கேட்காமல் எப்படி இருப்பேன்?

இதில் "நீங்களே இணையத்தில் தேடிப் பார்த்துக் குழப்பிக்காதீங்க" என்ற உபதேசம் வேறு. தேடக் கூடாதென்றால் யாராவது வழி காட்ட வேண்டாமா?

வழி காட்ட வேண்டியவர் முதலில் பார்க்கிற பொது டாக்டர். முழு ஆளையும் பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும். 1984ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் டாக்டர் அறை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டாராம். பதினெட்டே விநாடி! அதற்குள் என் அம்மா தன் வயதையும் முன்பு வந்த காய்ச்சலையும்தான் சொல்லி முடித்திருப்பார்.

ஒரே குடும்ப டாக்டரிடம் தொடர்ந்து போவதால் என்ன ஆகிறது என்று நார்வேயில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்துப் பார்த்து 2021ல் வெளியிட்டார்கள். 15 ஆண்டுகளுக்கு மேல் ஒருவரிடமே இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் சுமார் கால் பங்கு குறைவாக இருந்தன. நம்மை அறிந்த ஒரு ஆள் இருப்பது அவ்வளவு பெரிய மருந்து. ஆனால் நடப்பது என்ன? பொது டாக்டர் என்றால் சளி, காய்ச்சலுக்கு மட்டும் என்று நாமே ஒதுக்கிவிட்டோம். அவரும் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஓடுகிறார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலோடு பேச்சு குழறினால், முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் மரத்துப்போனால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமல் போனால் எந்த டாக்டர் என்று யோசிக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். கழுத்துப்பட்டை அலமாரியில் கிடக்கிறது. போன வாரம் அந்த முதல் டாக்டரிடம் நானே போனேன். சண்டை போட அல்ல. அடுத்து வருகிற யாருக்காவது உதவட்டும் என்று, இன்னதுதான் நோய், இப்படித்தான் சரியானது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் புரண்டா சுத்துச்சு?" என்றார்.

அந்த அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அம்மா முதல் நாளே சொன்ன பதில் அது.