எங்கும் ஓடும் நிரல் எங்கும் ஒரே வேகத்தில் ஓடுமா? – உண்மை விளக்கம்

காரைக்குடிப் பொறியியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், பல வகைச் செயலிகளுக்கும் பொதுவாக நிரல் எழுத உதவும் ஓபன்சிஎல் (OpenCL) தரநிலையைப் பற்றி, "ஓபன்சிஎல்லில் ஒருமுறை எழுதிய நிரல் எல்லாச் செயலிகளிலும் ஒரே திறனுடன் ஓடும், வரிகள் குறைந்தால் உழைப்பும் குறையும்" என்றொரு செய்தி சுற்றிவருகிறது. அதன் இரு பகுதிகளும் தவறானவை.

ஓபன்சிஎல் உறுதியளிப்பது, அதை ஆதரிக்கும் கருவிகளில் நிரல் ஓடும் என்பதை மட்டுமே. வரைகலைச் செயலியான ஜிபியூவில் அடுத்தடுத்த இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் ஓட்டங்கள்) அடுத்தடுத்த நினைவக முகவரிகளைப் படித்தால்தான் நல்ல வேகம் கிடைக்கும். கணினியின் மையச் செயலியான சிபியூவிலோ ஒவ்வோர் இழையும் தனக்குரிய தொடர்ச்சியான பகுதியைப் படிப்பதே உகந்தது. இதனால்தான், பல வகைச் செயலிகளுக்கும் நிரல் எழுத உதவும் கோக்கோஸ் (Kokkos) என்ற சி++ நூலகம், அணிகளை (தரவு வரிசைகளை) நினைவகத்தில் அடுக்கும் முறையையே கருவிக்கேற்ப மாற்றிக்கொள்கிறது.

ஒரு நிரல் பல எந்திரங்களிலும் எந்த அளவுக்குத் திறனுடன் ஓடுகிறது என்பதை அளக்க ஆய்வாளர்கள் பென்னிகுக், சீவால், லீ ஆகியோர் 2016இல் முன்வைத்த அளவீடு, தேர்ந்தெடுத்த எந்திரங்களில் கிடைக்கும் செயல்திறன் விகிதங்களின் (எட்டக்கூடிய சிறந்த வேகத்தில் நிரல் எட்டும் பங்குகளின்) இசைச் சராசரியாகும்; அதாவது, தலைகீழ் மதிப்புகளின் சராசரியைத் தலைகீழாக்கினால் கிடைப்பது. மூன்று எந்திரங்களில் 80, 80, 20 சதவீதம் கிடைத்தால் கூட்டுச் சராசரி 60 என்று காட்டும். இசைச் சராசரியோ 40தான். ஓர் எந்திரத்தில் நிரல் ஓடவே இல்லையென்றால் மதிப்பு பூஜ்ஜியம். இந்தக் கண்டிப்பு தேவையானதே என்பது என் கருத்து.

வரி எண்ணிக்கை மட்டும் உழைப்பைச் சொல்லாது. இருபது வரிகளைச் செம்மைப்படுத்தவே ஒரு வாரம் பிடிக்கலாம். எந்திரத்துக்கு எந்திரம் எத்தனை வரிகள் வேறுபடுகின்றன என்பதே பராமரிப்புச் சுமையை இன்னும் தெளிவாகக் காட்டும். திட்ட அறிக்கை எழுதும் மாணவர்கள், சோதித்த எந்திரங்களின் பட்டியலையும் சேர்த்தே இந்த அளவீட்டின் எண்ணைத் தர வேண்டும். பட்டியல் மாறினால் எண்ணும் மாறிவிடும்.