எந்த கேசி, எந்த ஜான்சன்?

அமெரிக்காவில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட அரசியல்வாதிகள் என்று பேச்செடுத்தாலே ஆடம்ஸ், ரூஸ்வெல்ட், கென்னடி, புஷ் என வாரிசுப் பட்டியல்தான் வருகிறது. அதில் தவறில்லை. ஜான் ஆடம்ஸ் இரண்டாவது அதிபர், அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆறாவது அதிபர். வில்லியம் ஹென்றி ஹாரிசன் ஒன்பதாவது, பேரன் பெஞ்சமின் ஹாரிசன் இருபத்து மூன்றாவது. இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று என்பவர்களால்தான் அங்கே உண்மையான சிக்கல். தேர்தல் முடிவே அதனால் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் "வாக்காளர் கவனமில்லாமல் போட்டுவிட்டார்" என்று முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. குறை வாக்குச்சீட்டில்தான் இருக்கிறது.

பென்சில்வேனியாவின் கேசி விவகாரத்தைப் பாருங்கள். ஸ்க்ரான்டன் ஊர்க்காரரான ராபர்ட் பி. கேசி 1969 முதல் 1977 ஜனவரி வரை அந்த மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர். நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். அவர் பதவிக்காலம் முடியப்போகிற 1976-ல், மாநிலக் கருவூலர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யாரென்று மக்கள் வாக்களித்து முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில் ராபர்ட் கேசி என்ற பெயர் இருந்தது. மக்கள் போட்டார்கள், வென்றார். ஆனால் அவர் ராபர்ட் இ. கேசி. கேம்ப்ரியா கவுன்டியின் பத்திரப்பதிவு அதிகாரி. பெரிய செலவும் செய்யவில்லை, பெரிய பிரசாரமும் செய்யவில்லை. நவம்பர் பொதுத் தேர்தலிலும் ஜெயித்துக் கருவூலராக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது இன்னும் மோசம். 1978-ல் தணிக்கையாளர் கேசி ஆளுநர் பதவிக்கு உட்கட்சித் தேர்தலில் நின்றார். அதே சீட்டில் துணை ஆளுநர் பதவிக்கு இன்னொரு ராபர்ட் பி. கேசி! இவர் பிட்ஸ்பர்க் பக்கத்து ஆசிரியர், ஐஸ்கிரீம் வியாபாரமும் பார்த்தவர். இந்த முறை நடு எழுத்துகூட ஒன்றேதான். பென்சில்வேனியாவில் உட்கட்சித் தேர்தலில் ஆளுநருக்கு ஒரு வாக்கு, துணை ஆளுநருக்குத் தனி வாக்கு. இருவரும் ஜோடி சேர்வது பொதுத் தேர்தலில்தான். ஆளுநர் போட்டியில் பீட் ஃபிளாஹெர்டி என்பவரும் இருந்தார். அதனால் பலர் "ஃபிளாஹெர்டி ஆளுநர், கேசி துணை ஆளுநர், நல்ல ஜோடி" என்று கணக்குப் போட்டு வாக்களித்தார்கள். விளைவு: ஆளுநர் வேட்பாளராக ஃபிளாஹெர்டி, துணைக்கு ஆசிரியர் கேசி. உண்மையான கேசி வீட்டுக்குப் போனார். நவம்பரில் அந்த ஜோடி குடியரசுக் கட்சியின் டிக் தார்ன்பர்க், வில்லியம் ஸ்க்ரான்டன் ஜோடியிடம் தோற்றது.

இதில் வாக்காளர் செய்த தவறு என்ன? அவர்கள் யோசித்துத்தான் போட்டார்கள். யோசிக்கத் தேவையான தகவல் சீட்டில் இல்லை. 1986-ல் கேசி மறுபடி நின்றபோது "உண்மையான பாப் கேசி" (பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம்) என்று விளம்பரம் செய்து தன்னை அடையாளம் காட்டவேண்டியிருந்தது. அந்த முறை அதே வில்லியம் ஸ்க்ரான்டனைக் குறைந்த வித்தியாசத்தில் வென்று ஆளுநரானார். பின்னாளில் அவர் மகன் பாப் கேசி ஜூனியர் தணிக்கையாளராகவும், கருவூலராகவும், 2007 முதல் 2025 ஜனவரி வரை செனட்டராகவும் இருந்தார்.

மாசசூசெட்ஸிலும் இதே கதை. ஜான் எஃப். கென்னடி செனட்டராக இருந்த காலத்தில் அந்த மாநிலத்தின் கருவூலர் பெயரும் ஜான் எஃப். கென்னடி. ஒருவருக்கு எஃப் என்றால் ஃபிட்ஸ்ஜெரால்ட், இவருக்கு ஃபிரான்சிஸ். ஜில்லெட் பிளேடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1954, 1956, 1958 என மூன்று முறை வென்றார். நடு எழுத்தைச் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும் என்பவர்களுக்கு இந்த இரண்டு மாநிலங்களே பதில்.

குழப்பம் ஏன் உட்கட்சித் தேர்தலிலும் கீழ்நிலைப் பதவிகளிலும் அதிகம்? உட்கட்சித் தேர்தலில் எல்லோரும் ஒரே கட்சி. கட்சிப் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. கருவூலர், நீதிபதி போன்ற பதவிகளைப் பற்றி நாளிதழ்கள் அதிகம் எழுதுவதில்லை. சீட்டோ நீளமானது; மேலே அதிபர், செனட்டர் என்று தொடங்கிக் கீழே வரவர யாரென்றே தெரியாத பெயர்கள். வேட்பாளரின் படம் கிடையாது. அந்த நிலையில் காதில் விழுந்த பெயருக்குத்தான் கை போகும். ஒஹாயோவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பொதுத் தேர்தல் சீட்டில் 2022-க்கு முன்புவரை கட்சிப் பெயரும் கிடையாது. பிரவுன், ஓ'நீல், கென்னடி என்ற பெயர்கள் அங்கே தனி மூலதனம்.

தற்செயலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்வதை என்ன சொல்வது? 2020-ல் ஃபுளோரிடா மாநில செனட்டின் 37-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் ஹோசே ஹாவியர் ரோட்ரிகஸ் வெறும் 32 வாக்குகளில் இலியானா கார்சியாவிடம் தோற்றார். கட்சி சாராத வேட்பாளர் என்று இன்னொரு ரோட்ரிகஸ் நிறுத்தப்பட்டிருந்தார். பிரசாரமே செய்யாத அவருக்கு 6,000-க்கும் மேல் வாக்குகள். அவருக்குப் பணம் கொடுத்த வழக்கில் முன்னாள் மாநில செனட்டர் ஃபிராங்க் ஆர்டிலெஸ் குற்றவாளி என்று 2024-ல் ஜூரி தீர்ப்பளித்தது. தண்டனை கிடைத்தது சரி. அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. தேர்தல் முடிவு அப்படியே நிற்கிறது.

வாஷிங்டன் மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமை. பிரபலமான ஒருவர் மனு போட்ட பிறகு, வாக்காளரைக் குழப்பும் நோக்கத்தோடு அதே போன்ற குடும்பப் பெயர் கொண்டவர் அதே பதவிக்கு மனு போட்டால் அது பெருங்குற்றம். பத்தாண்டு வரை சிறை. 2024-ல் ஆளுநர் தேர்தலுக்கு அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் மனு கொடுத்தபின் மேலும் இரண்டு பாப் ஃபெர்குசன்கள் வந்தார்கள். மனுக் கட்டணம் அந்தப் பதவியின் ஓராண்டுச் சம்பளத்தில் ஒரு சதவீதம் மட்டுமே. சட்டத்தைக் காட்டி எச்சரித்ததும் இருவரும் விலகிக்கொண்டார்கள். அந்த முறை பலித்தது. ஆனால் இந்தச் சட்டம் நிற்பது "நோக்கம்" என்ற ஒற்றைச் சொல்லில். நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். தவிர, பிறப்பிலேயே ஃபெர்குசனான ஒருவர் உண்மையாகவே போட்டியிட விரும்பினால் அவர் உரிமை என்னாவது?

அதனால்தான் சீட்டை மாற்றச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் வேட்பாளர் பெயருக்குக் கீழே மூன்று சொற்களுக்கு மிகாமல் தொழிலைக் குறிப்பிடலாம். மாசசூசெட்ஸ் சீட்டில் தெரு முகவரி வருகிறது. ஆனால் யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று மாநிலம் முழுக்க யாருக்குத் தெரியும்? தொழிலும், இப்போது வகிக்கும் பதவியும், ஊரும் மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். 1978 சீட்டில் "ஆசிரியர், பிட்ஸ்பர்க்" என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். இதற்கு ஆகும் செலவு சில மில்லிமீட்டர் மை.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தன் சொந்த நடவடிக்கைக் குறிப்பேட்டில் இதை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஒரே குடும்பப் பெயர் இருந்தால் மாநிலத்தைச் சேர்க்கிறார்கள். ஒரே மாநிலமாகவும் இருந்தால் முதல் பெயரையும் சேர்க்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சான்செஸ் சகோதரிகள் லோரெட்டாவும் லிண்டாவும் அப்படித்தான் பதிவானார்கள். அந்த ஏட்டுக்கு வெளியே இந்த வசதி இல்லை. உதாரணம் மைக் ரோஜர்ஸ். 2003 முதல் 2015 வரை பிரதிநிதிகள் சபையில் இரண்டு மைக் ரோஜர்ஸ், இருவரும் குடியரசுக் கட்சி. மிச்சிகன்காரர் உளவுத்துறைக் குழுத் தலைவராக இருந்த 2014-ல், தேசியப் பாதுகாப்பு முகமைக்குத் தலைவராக வந்த கடற்படை அட்மிரல் பெயரும் மைக் ரோஜர்ஸ்!

தமிழில் எழுதும்போது நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 2024 பிப்ரவரி 6 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் மயோர்காஸ் மீதான பதவிநீக்கத் தீர்மானம் 214-216 என்று தோற்றது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜார்ஜியாவின் மார்ஜோரி டெய்லர் கிரீன். அதை முன்னின்று நடத்திய குழுவின் தலைவர் டென்னசியின் மார்க் கிரீன். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்து எதிர்த்து வாக்களித்தவர் டெக்சஸின் ஆல் கிரீன். "கிரீன் வாக்கு" என்று மட்டும் எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? Greene, Green என்ற ஆங்கில எழுத்து வேறுபாடு தமிழில் மறைந்துவிடும். கிளார்க் (Clark, Clarke) என்ற பெயருக்கும் இதே நிலைதான்.

ஆகவே முதல்முறை குறிப்பிடும்போது முழுப்பெயர், கட்சி, மாநிலம், எந்த அவை என்று நான்கையும் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் காங்கிரஸின் வாழ்க்கைக் குறிப்பு இணையதளத்தில் உறுப்பினர் எண்ணைப் பாருங்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்டது. லூசியானாவைச் சேர்ந்த, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் மைக் ஜான்சன் ஜே000299, விஸ்கான்சின் செனட்டர் ரான் ஜான்சன் ஜே000293. படத்தைத் தேடி எடுத்துப் போடுவதற்கு முன்பும் இந்த எண்ணைச் சரிபாருங்கள். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் வேறு ஆளின் படம் வந்து நிற்கும்.