இலை தொங்கினால் கைராசி இல்லையாம்!

தண்ணீர் அதிகமாகிவிட்டதாம். இல்லை, குறைந்துவிட்டதாம். செடியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரே மனிதர் ஒரே மூச்சில் இந்த இரண்டு தீர்ப்புகளையும் வழங்க முடியும் என்பதை இன்று காலை சென்னையில் ஒரு நர்சரியில் கண்ணாரக் கண்டுவிட்டு வந்து, ஆத்திரம் அடங்காமல் இதை எழுதுகிறேன். சக்குலண்ட் என்று விற்கப்படும் சதைப்பற்றுள்ள இலைச்செடியை வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு பீடிகை தேவைப்படாது.

இலைகளெல்லாம் சுருங்கிக் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்த செடியை, அது குடியிருக்கும் பீங்கான் கிண்ணத்தோடு துணிப்பையில் வைத்து, பேருந்துக் கூட்டத்தில் மடியிலேயே தாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் குரோட்டன்ஸ் வரிசைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த குழாயைக் கீழே வைக்கவுமில்லை, அருகில் வரவுமில்லை. "தண்ணி ஜாஸ்தி சார்" என்றார். வாரத்துக்கு ஒரு மூடி தண்ணீர் என்று விற்கும்போது நீங்கள்தான் சொன்னீர்கள், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்றேன். "அப்போ கம்மி சார்" என்றார். சரி, இரண்டில் எது என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம்" என்றார். பிறகு விசாரணை வெயிலுக்குத் தாவியது. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன் என்றதும் வெயில் பற்றவில்லை என்றார். நேர் வெயில் ஆகாது என்று எச்சரித்ததும் தாங்கள்தானே என்றதும், அப்படியானால் வெயில் அதிகமாகியிருக்கும் என்றார். வீட்டில் ஏசி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அதான்" என்றார். இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் அதே "அதான்" தான் வந்திருக்கும் என்று எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். கடைசியாக, குழாயை அடுத்த வரிசைக்குத் திருப்பியபடியே, "சில பேருக்குக் கைராசி இருக்காது சார்" என்று வழக்கை முடித்துவைத்தார்.

கைராசியா? முதலில் இந்தச் செடியின் பெயர் என்ன, அதையாவது சொல்லுங்கள் என்றேன். "சக்குலண்ட்" என்றார். உன் பெயர் என்ன என்று ஒருவரைக் கேட்டால் "மனிதன்" என்று பதில் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதற்குப் பெயர் இருக்கிறது. எச்செவேரியா. அதனாசியோ எச்செவெரியா என்ற மெக்சிகோ நாட்டுத் தாவர ஓவியரின் நினைவாக 1828-இல் சூட்டிய பெயர். இந்த இனத்தில் பெரும்பாலானவை அந்த நாட்டு மேட்டு நிலங்களில், தண்ணீர் நிற்காத பாறை இடுக்குகளில் வளர்பவை. பகல் முழுவதும் இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காத்துக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பவை. நள்ளிரவிலும் பனியன் முதுகில் ஒட்டிக்கொள்ளும் சென்னைப் புழுக்கத்தில் அப்படிப்பட்ட செடியை விற்பவர், வாங்குபவரிடம் அதைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டாமா? சொன்னதெல்லாம் "மெயின்டனன்ஸே இல்லாத செடி சார்" என்பது மட்டும்தான்.

அக்கம்பக்கத்தாரின் ஆலோசனைகளைப் பற்றி நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. எந்தச் செடிக்கு எந்த நோய் வந்தாலும் முட்டை ஓட்டையும் வடிகட்டிய டீத்தூளையும் பரிந்துரைக்கும் பெருமக்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

என்னை உண்மையில் கொதிக்க வைப்பது வேறு. இலை தொங்குவது நோயே அல்ல, வெறும் அறிகுறி. அதன் காரணத்தைப் பிரித்தறிய இரண்டு நிமிடமும் ஒரு கட்டை விரலும் போதும். இலையை அழுத்தும்போது கொழகொழவென்று, கண்ணாடி போல் ஒளி ஊடுருவ, மஞ்சள் பாய்ந்து, தொட்டாலே உதிர்ந்தால் அது தண்ணீர் மிகுதி. அடி இலைகள் மெலிந்து, சுருக்கம் விழுந்து, மண்ணும் அடிவரை காய்ந்திருந்தால் அது தாகம். ஒருமுறை நன்றாக ஊற்றினால் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். இலை திடமாகவே இருந்து, தண்டு மட்டும் நீண்டு, இலைகள் கீழே மடங்கியிருந்தால் வெளிச்சம் போதவில்லை. இலைக் கக்கங்களில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. இவை அனைத்தையும் விட விஷமமான ஒன்று உண்டு: மண் ஈரமாக இருக்கும், இலையோ தாகத்தில் சுருங்கியிருக்கும். வேர் அழுகிவிட்டதால் காலடியில் தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியாத நிலை அது. மேலோட்டமாகப் பார்க்கிறவர், அடடா வாடுகிறதே என்று இன்னும் ஒரு மூடி ஊற்றுவார், கதை முடிந்துவிடும். இவ்வளவையும் தினமும் நூற்றுக்கணக்கில் செடி விற்பவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

மண் ஈரமா, காய்ந்ததா என்று நீங்களே பார்த்திருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். எங்கே பார்ப்பது? மண்ணே கண்ணில் படாதபடி மேலே வெள்ளைக் கூழாங்கற்களைப் பரப்பி, பரப்பியதோடு விடாமல் பசை ஊற்றி ஒட்டி வைத்திருக்கிறார்களே! குச்சி நுழையாது, விரல் நுழையாது. வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தக் கல்தளத்தைப் பெயர்த்தேன். ஓரத்தில் நெம்பியதும் முழுத் தளமும் மொறுமொறுப்பான தட்டையைப் போல் ஒரே துண்டாகக் கிளம்பி வந்தது. கீழே மண் என்று சொல்ல ஒரு பிடியும் இல்லை. கிண்ணம் நிறையத் தென்னைநார்த் துகள், மேலே பொருக்காகவும் அடியில் பிழிந்தால் சொட்டும் அளவுக்கும். வேர்கள் பழுப்பேறி, இழுத்ததும் தோல் உரிந்து நூலாக வந்தன. கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால், துளையே இல்லை. வாரத்துக்கு ஒரு மூடி என்று எனக்கு விதித்தவர், வெளியேறும் வழியே இல்லாத கிண்ணத்தில் அந்த மூடிகளெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டிருந்தார்கள், தண்ணீர் வடிவதற்காம்! துளையில்லாத கிண்ணத்தில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிவதில்லை. ஜல்லிக்குள் தேங்கி, வேருக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வந்து உட்காருகிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இந்த எச்செவேரியாவின் குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளி, எங்கள் தெரு முனையில் இடிந்த மதிலின் விரிசலில், யாரும் ஒரு மூடியும் ஊற்றாமல், கொழுத்துப் போய் நிற்கிறது. அதன் இலையொன்று உதிர்ந்தாலே விளிம்பெல்லாம் குட்டி போடும். அதற்கு எவருடைய கைராசி?

அழுகிய வேரையும் கறுத்த அடித்தண்டையும் வெட்டிவிட்டு, நுனியைக் காயவைத்திருக்கிறேன். வெட்டிய வாய் உலர்ந்ததும் எம்சாண்டும், பெர்லைட் என்கிற இலேசான வெள்ளைக் கல்துகளும், கொஞ்சம் செம்மண்ணும் கலந்து, ஓட்டை உள்ள சாதாரண மண்தொட்டியில் நடுவேன்; பிழைத்தால் பிழைக்கட்டும். கிண்ணத்தின் லட்சணத்தைப் படமெடுத்து அந்த மனிதருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கிண்ணம் உடையாமல்தானே இருக்கிறது, கொண்டு வாருங்கள், வேறு செடி வைத்துத் தருகிறேன், செடிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடியில் ஒரு துளை போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன்.

"துளை போட்டா டேபிள் அழுக்காகும் சார்" என்றார்.