ஃபார்மட் செய்யச் சொன்னால் டிஸ்க் கெட்டுவிட்டதாகப் பொருளல்ல
‘லினக்ஸில் பயன்படுத்திய ஹார்டு டிஸ்க்கை விண்டோஸில் செருகியதும் ஃபார்மட் கேட்டால், டிஸ்க் பழுது, ஃபார்மட் கொடுங்கள், சரியாகும்’ என்ற செய்தி மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு; ஃபார்மட் கொடுத்தால் உள்ளிருக்கும் கோப்புகள் போய்விடும் என்பதால் பின்பாதி ஆபத்தும்கூட. விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமையை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையை, விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை என்பதால்தான் அந்தக் கேள்வி எழுகிறதே தவிர, உள்ளிருக்கும் சித்திரைத் திருவிழாப் படங்களோ கல்யாண வீடியோவோ அதனால் அழிந்துவிடுவதில்லை. ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், அந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) கோப்பு முறைமைப் பெயரின்றியோ ‘ரா’ (RAW) என்றோ, ‘ஹெல்தி’ என்ற குறிப்புடன் தெரியும். அங்கே 100% காலி என்று காட்டினாலும் அதை நம்ப வேண்டாம். உபுண்டு லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை இயக்க உதவும் பென்டிரைவ்) கணினியைத் தொடங்கி ‘டிஸ்க்ஸ்’ செயலியில் பார்த்தால் எக்ஸ்ட்4 என்றே எழுதியிருக்கும்; கோப்புகளை அங்கிருந்தே வேறு டிஸ்க்கிற்கு நகலெடுக்கலாம். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கொடுப்பவர்களும் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.